நிறைவை அறிதல்: மின்னேற்றத்தின் வரலாறு

மண்டபத்தைக் கடந்து பாம்பனை நோக்கிச் செல்லும்போது நிலம் மெல்ல மெல்லக் குறுகுகின்றது. வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. இடையே மணலும் பனையும், ஒரு சாலையும், ஓர் இருப்புப் பாதையும். அந்தக் கரையில், அலை அடங்கிய ஒரு மாலை வேளையில், பள்ளி மாணவன் ஒருவன் வானொலி அலையால் இயங்கும் சிறு விளையாட்டுப் படகு ஒன்றை நீரில் விடுவதாக வைத்துக்கொள்வோம். கையிலுள்ள பெட்டியின் பிடியை அவன் அசைக்க, படகு வளைந்தும் திரும்பியும் ஓடுகின்றது. கால் மணி நேரம் கழிகின்றது, வேகம் தளர்கின்றது. படகைக் கரை சேர்த்து, அதன் வயிற்றிலிருந்து மின்கலத்தை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகின்றான்.

அதனை எவ்வாறு மீண்டும் மின்னேற்றுவது என்று அவன் மூவரைக் கேட்கின்றான். விசைப்படகில் தொழில் செய்யும் மாமா, "தம்பி, உள்ளே குமிழ் எழும்பும் வரை ஏற்று, அதுதான் நிறைந்ததற்கு அடையாளம்" என்கிறார். இளமையில் விளையாட்டு மோட்டார் வண்டி வைத்திருந்த சித்தப்பா, "அப்படியன்று; முதலில் அடியோடு இறங்கிப் போகட்டும், பிறகே ஏற்ற வேண்டும்" என்கிறார். மின்கலத்தோடு வந்த தாளோ, அடியோடு இறங்க விடலாகாது என்றும், ஏற்றும்போது அருகிலிருந்து கண்காணிக்க வேண்டும் என்றும் கூறுகின்றது. மூன்றும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. எனினும், மூவரில் ஒருவரும் பொய் கூறவில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு காலத்து உண்மையைக் கூறுகின்றனர். அந்தக் காலங்களின் வரலாற்றை அறிந்தாலன்றி, இன்றைய மாணவன் இம்மூன்றனுள் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று தெளிய முடியாது. தவறாகக் கொண்டால் விளைவு ஒரு விளையாட்டுப் பொருளின் இழப்போடு நிற்பதில்லை. வீடே தீப்பற்றவும் கூடும். ஆகவே இவ்வரலாற்றைச் சிறிது விரிவாகக் காண்போம்.

மின்கலத்தின் பிறப்பு 1800-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. இத்தாலிய அறிஞர் அலெசாந்திரோ வோல்டா, வெள்ளித் தகடும் துத்தநாகத் தகடும் மாறி மாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்தார். அவ்வடுக்கிலிருந்து இடையறாத மின்னோட்டம் கிடைத்தது. இரண்டு உலோகங்களும் உப்புநீரும் சேர்ந்தால் மின்சாரம் பிறக்கும் என்னும் இவ்வுண்மை இராமநாதபுரக் கடற்கரையினர்க்கு வேறொரு வடிவில் நன்கு தெரிந்ததே. உப்புக் காற்றில் இரும்புக் கதவு துருப்பிடிக்கின்றதே, அதுவும் ஒரு மின்வேதிச் செயலே. ஈரமும் உப்பும் படிந்த இரும்பின் மேற்பரப்பில் எண்ணற்ற நுண்ணிய மின்கலங்கள் தாமே தோன்றி உலோகத்தைத் தின்னுகின்றன. வோல்டாவின் அடுக்கு நாம் விரும்பிச் செய்த மின்கலம். துரு நாம் விரும்பாத மின்கலம்.

வோல்டாவின் அடுக்கில் ஒரு குறை இருந்தது. துத்தநாகம் கரைந்து தீர்ந்தால் அதன் வாழ்வும் தீர்ந்தது. தீர்ந்ததை மீட்க முடியுமா என்னும் வினா விரைவிலேயே எழுந்தது. செர்மானிய அறிஞர் ரிட்டர், 1803-ஆம் ஆண்டை ஒட்டி, ஒரே உலோகத்தாலான தகடுகளை உப்புநீர் அட்டைகளோடு அடுக்கினார். அவ்வடுக்கு தானாக மின்சாரம் தரவில்லை. ஆனால் வோல்டாவின் அடுக்கோடு சிறிது நேரம் இணைத்து எடுத்தபின், பெற்றதைத் திருப்பித் தந்தது. மின்னேற்றம் என்னும் எண்ணத்தின் முதல் வித்து இதுவே. எனினும், அது கையில் எடுத்துப் பயன்படுத்தத்தக்க கருவியாக மலர அரை நூற்றாண்டு பிடித்தது.

1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளான்தே இரண்டு காரீயத் தகடுகளை, ஒன்றையொன்று தொடாவண்ணம் இடையில் துணி வைத்துச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். அதில் மின்சாரத்தைச் செலுத்தியபோது ஒரு தகட்டின்மேல் காரீய ஆக்சைடு படிந்தது. பின்னர் அது தேக்கிய மின்சாரத்தைத் திருப்பி அளித்தது. நாம் இன்றும் மோட்டார் வண்டிகளிலும் விசைப்படகுகளிலும் காணும் காரீயச் சேமக்கலம் இவ்வாறு பிறந்தது. இங்கே மாணவர்கள் ஒன்றைக் கருத வேண்டும். மின்னாக்கி இயந்திரம் வழக்கிற்கு வராத காலம் அது. பிளான்தே தம் கலத்தை ஏற்றுவதற்கு வேறு மின்கலங்களையே நம்ப வேண்டியிருந்தது. துத்தநாகத்தை எரித்துக் காரீயத்தில் சேமித்தார் எனலாம். தகடுகள் நன்கு பழுக, ஏற்றியும் இறக்கியும் திசை மாற்றியும் பல மாதங்கள் பக்குவம் செய்ய வேண்டியிருந்தது. 1881-ஆம் ஆண்டில் ஃபோர் என்பவர் காரீய ஆக்சைடைக் குழைத்துத் தகட்டின்மேல் பூசும் முறையைக் கண்டு, அந்தக் காத்திருப்பைப் பெரிதும் குறைத்தார். அதற்குள் மின்னாக்கி இயந்திரங்களும் வந்துவிட்டன. சேமக்கலம் ஆய்வுக்கூடத்தை விட்டு உலகிற்குள் நுழைந்தது.

நம் கடற்கரைக்கு அது வந்த வழிகளுள் ஒன்று இருப்புப் பாதை. 1914-ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் தனுஷ்கோடி வரை வண்டிகள் ஓடின. அங்கிருந்து கப்பல் வழியே தலைமன்னாரை அடையலாம். அக்காலத்து இருப்புப் பாதை வண்டிகளின் மின்விளக்குக்கு ஒரு நுட்பமான ஏற்பாடு உண்டு. வண்டியின் அச்சு சுழல, அதனோடு வாரால் பிணைத்த சிறு மின்னாக்கி சுழன்று, அடியிலுள்ள சேமக்கலங்களை ஏற்றும். நிலையத்தில் வண்டி நிற்கும்போது அச்சேமக்கலங்களே விளக்கை எரிக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. வண்டியின் வேகம் தளர்ந்தால் மின்னாக்கியின் அழுத்தம் கலத்தின் அழுத்தத்திற்குக் கீழே இறங்கிவிடும். சேமித்த மின்சாரம் பின்னோக்கி ஓடி வீணாகும். ஆகவே வேகம் குறைந்ததும் தானே தொடர்பைத் துண்டிக்கும் சாவி ஒன்று அமைத்தனர். மின்னேற்றுதல் என்பது மின்சாரத்தைச் செலுத்துவது மட்டுமன்று, உரிய வேளையில் நிறுத்துவதும் ஆகும் என்னும் பாடத்தை அந்த எளிய சாவி அன்றே கற்பித்தது.

உரிய வேளை எது? கலம் நிறைந்தது என்பதை எவ்வாறு அறிவது? காரீயக் கலம் இதனை வெளிப்படையாகவே அறிவிக்கும். ஒவ்வொரு கலத்தின் அழுத்தமும் ஏறத்தாழ 2 வோல்ட். ஆறு கலங்கள் சேர்ந்தால் 12 வோல்ட். ஏற்ற ஏற்ற அழுத்தம் உயர்ந்து, கலத்திற்கு ஏறத்தாழ 2.4 வோல்ட்டை எட்டும்போது, தகடுகளில் செய்வதற்கு வேலை குறைந்துபோக, மிகுந்துவரும் மின்சாரம் நீரைப் பிளக்கத் தொடங்கும். ஐட்ரசனும் ஆக்சிசனும் குமிழ்குமிழாக எழும். அமிலத்தின் அடர்த்தியும் உயர்ந்து நிலைபெறும். அடர்த்திமானியை இட்டுப் பார்த்தால் 1.25-க்கு மேல் நிற்கும். மாணவனின் மாமா கண்டது இந்தக் குமிழைத்தான். அவர் கூற்று அவர் கலத்தைப் பொறுத்தவரை உண்மையே. குறைந்த நீரை வாலை வடிநீர் ஊற்றி நிரப்பிவிடலாம். எழும் வளி தீப்பற்றும் இயல்பினது. ஆகவே காற்றோட்டமும், அருகில் நெருப்பின்மையும் வேண்டும். இவ்வளவு எச்சரிக்கையோடு நடந்தால், சிறிது மிகுதியாக ஏற்றிவிட்டாலும் காரீயக் கலம் பொறுத்துக்கொள்ளும்.

வானொலி அலையால் ஒரு வாகனத்தை இயக்கும் கலையும் இந்தக் காரீயக் கலத்தோடு பிறந்ததே. 1898-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் நிக்கோலா தெஸ்லா சிறு படகு ஒன்றைத் தொடாமலேயே, கம்பியில்லாமலேயே, தொலைவிலிருந்து செலுத்திக் காட்டினார். அவ்வாண்டு நவம்பர் 8-ஆம் நாள் அவருக்கு அதற்கான காப்புரிமையும் கிடைத்தது. அப்படகின் உந்து விசைக்கும் திசை திருப்பும் பொறிக்கும் சேமக்கலங்களே உணவளித்தன. கண்டவர் பலர் மாயவித்தை என எண்ணினர். இன்று பாம்பன் கரையில் சிறுவன் விடும் விளையாட்டுப் படகிற்கு முன்னோடி அதுவே. இராமநாதபுரத்திற்கு அருகே உச்சிப்புளியில் உள்ள பருந்து என்னும் கடற்படை விமானத் தளத்தில் 2012-ஆம் ஆண்டில் ஆளில்லா விமானங்களுக்கென ஒரு படைப்பிரிவு தொடங்கப்பட்டது. தொலைவிலிருந்து செலுத்தும் வாகனம் இக்கரைக்குப் புதியதன்று.

ஆனால் விளையாட்டு வாகனத்திற்குக் காரீயம் மிகவும் கனமானது, அமிலமோ சிந்தக்கூடியது. எடை குறைந்த கலம் வேண்டும் என்னும் தேவை அடுத்த காலத்திற்கு வழி திறந்தது. 1899-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் வால்டெமார் யுங்னர் நிக்கலையும் காட்மியத்தையும் காரக் கரைசலில் இட்டு ஒரு சேமக்கலம் அமைத்தார். 1947-ஆம் ஆண்டில் நாய்மன் என்பவர் அதனை முற்றிலும் மூடிய கலமாக ஆக்கும் வழியைக் கண்டார். மிகுதியாக ஏற்றும்போது நேர்மின்வாயில் எழும் ஆக்சிசன் வெளியே போகாமல், எதிர்மின்வாயைச் சென்றடைந்து அங்கேயே மீண்டும் இணைந்துவிடுமாறு அவர் அமைத்தார். எனவே குமிழும் இல்லை, நீர் ஊற்றும் வேலையும் இல்லை. கவிழ்த்தாலும் சிந்தாத இக்கலம் விளையாட்டு வாகனங்களுக்கு மிகப் பொருந்தியது.

இதற்கிடையே மின்சாரத்தால் பறக்கும் மாதிரி விமானமும் பிறந்தது. 1957-ஆம் ஆண்டு சூன் திங்களில் இங்கிலாந்தில் தாப்ளின் என்னும் படைத்தலைவர், வெள்ளி-துத்தநாகக் கலங்களைக் கொண்டு, வானொலியால் செலுத்தும் மாதிரி விமானம் ஒன்றை மின்மோட்டாரால் பறக்கவிட்டார். 1976-ஆம் ஆண்டில் சப்பானின் தாமியா நிறுவனம் வானொலியால் இயங்கும் மின்மோட்டார் கார் ஒன்றைச் சிறுவர்களுக்கெனச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் ஆறு நிக்கல்-காட்மியக் கலங்களைத் தொடராக இணைத்த 7.2 வோல்ட் அடுக்கு இவ்விளையாட்டின் பொது உணவாயிற்று. ஒரு கலத்திற்கு 1.2 வோல்ட் என்பது கணக்கு.

குமிழ் எழாத இக்கலம் நிறைவை எவ்வாறு அறிவிக்கும்? வெப்பத்தால் அறிவிக்கும். உள்ளே ஆக்சிசன் மீண்டும் இணையும்போது சூடு பிறக்கின்றது. கையால் தொட்டாலே தெரியும். ஏறிக்கொண்டே வந்த கலத்தின் அழுத்தம், நிறைவை எட்டியதும் அச்சூட்டினால் சிறிதளவு கீழே இறங்கும். அந்தச் சிறு இறக்கத்தைக் கண்டதும் தானே நின்றுவிடும் ஏற்றிகளைப் பின்னாளில் செய்தனர். அத்தகைய ஏற்றி இல்லாதவர்கள் மெல்ல ஏற்றினர். கலத்தின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தை 14 முதல் 16 மணி நேரம் செலுத்துவது வழக்கம். பத்தில் ஒரு பங்கு என்றால் பத்து மணி நேரம் போதாதா என மாணவர் கேட்கலாம். செலுத்துவதில் ஒரு பகுதி வெப்பமாகக் கழிந்துபோவதால் கூடுதல் நேரம் வேண்டியிருந்தது.

நிக்கல்-காட்மியக் கலத்திற்கு ஒரு விந்தையான பழக்கம் உண்டு என்பர். செயற்கைக் கோள்களில் நாள்தோறும் ஒரே அளவாக இறக்கி, ஒரே அளவாக ஏற்றி வந்தபோது, அக்கலம் அந்த அளவையே நினைவிற்கொண்டு, அதற்குமேல் தளர்ச்சி காட்டியதாம். இதனை நினைவு விளைவு என்றனர். இதனால், கலத்தை அவ்வப்போது அடியோடு இறக்கிவிட்டு ஏற்ற வேண்டும் என்னும் அறிவுரை உலகெங்கும் பரவியது. சித்தப்பா கூறியது இதுவே. அவர் கலத்திற்கு அது பொருந்தியது. 1990-ஆம் ஆண்டை ஒட்டிச் சந்தைக்கு வந்த நிக்கல்-உலோக ஐட்ரைடுக் கலத்திலும் ஏறத்தாழ இதே வழக்கம் தொடர்ந்தது. அதில் நச்சுத்தன்மையுள்ள காட்மியம் இல்லை, கொள்ளளவும் மிகுதி. ஆனால் நிறைவில் அழுத்தம் இறங்குவது முன்னதைவிடச் சிறிய அளவே. ஆதலால் அதனைக் கண்டறியக் கூர்மையான கருவி தேவைப்பட்டது. காரீயம் உரக்கச் சொன்னதை நிக்கல் மெல்லச் சொல்லிற்று.

மூன்றாவது காலம் லித்தியத்தின் காலம். 1970-களில் அமெரிக்காவில் விட்டிங்காம் லித்திய உலோகத்தைக் கொண்டு மீள ஏற்றத்தக்க கலம் அமைத்தார். அது வலிமை மிக்கது. ஆனால் உலோக லித்தியம் தீக்கு எளிதில் இரையாவது. 1980-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் குட்இனஃப் லித்தியம்-கோபால்ட் ஆக்சைடை நேர்மின்வாயாக்கி அழுத்தத்தை உயர்த்தினார். 1985-ஆம் ஆண்டில் சப்பானில் யோஷினோ, எதிர்மின்வாயில் உலோகத்தை நீக்கிவிட்டுக் கரிப்பொருளை வைத்து, லித்திய அயனிகள் அங்குமிங்கும் சென்று வரும் பாதுகாப்பான கலத்தை ஆக்கினார். 1991-ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் அதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இம்மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மென்மையான உறையில் அடைத்த லித்தியம்-பாலிமர் கலங்கள் இந்நூற்றாண்டின் தொடக்கம் முதலே விளையாட்டு வாகன உலகை ஆட்கொண்டன. நம் மாணவன் கையிலிருப்பதும் அதுவே.

இக்கலம் நிறைவை எவ்வாறு அறிவிக்கும்? இங்கேதான் வரலாறு திசை மாறுகின்றது. இது அறிவிப்பதே இல்லை. காரீயக் கலத்திலும் நிக்கல் கலத்திலும் இருப்பது நீர்க்கரைசல். நிறைந்தபின் வரும் மிகுதி மின்சாரத்தை நீர் ஏற்றுக்கொண்டு குமிழாகவோ சூடாகவோ கழித்துவிடும். ஆற்றணைக்கு உபரி நீர் வழியும் கலிங்கு இருப்பதைப் போன்றது அது. லித்தியக் கலத்தில் இருப்பதோ எரியத்தக்க கரிமக் கரைப்பான். அதற்குக் கலிங்கு இல்லை. நிறைந்த பின்னும் மின்சாரம் புகுத்தினால், லித்தியம் எதிர்மின்வாயின்மேல் உலோகமாகப் படியத் தொடங்கும்; நேர்மின்வாய் நிலைகுலைந்து ஆக்சிசனை விடும். வெளியே ஓர் அடையாளமும் தெரியாமல் இருந்துவிட்டு, உறை உப்பிய பின்னரோ, புகை எழுந்த பின்னரோதான் நமக்குச் செய்தி எட்டும். அப்போது செய்தி பயன்படாது. தானே வளரும் அவ்வெப்பம் ஒரு கலத்திலிருந்து அடுத்த கலத்திற்குத் தாவும். 2013-ஆம் ஆண்டு சனவரியில் ஒரு பெரிய பயணிகள் விமான வகையின் பறத்தல் உலகெங்கும் நிறுத்தப்பட்டது. ஒரு கலத்தின் உட்குறுக்கத்தில் தொடங்கிய வெப்பம் அடுத்தடுத்த கலங்களுக்குப் பரவியதே அங்கே நிகழ்ந்தது. அது மிகை ஏற்றத்தால் நேர்ந்ததன்று. ஆயினும் இக்கலங்கள் கட்டுமீறினால் என்னாகும் என்பதற்கு அது சான்று.

கலம் தானே பேசாதபோது, கருவி அதற்காகக் கணக்கு வைக்க வேண்டும். லித்தியம்-பாலிமர் கலத்தின் இயல்பான அழுத்தம் 3.7 வோல்ட், நிறைவு 4.2 வோல்ட். இந்த எல்லையைச் சிறிதளவும் மீறலாகாது. இரண்டு கலங்கள் சேர்ந்த அடுக்கிற்கு 8.4 வோல்ட், மூன்றிற்கு 12.6 வோல்ட் என்பது நிறைவு. ஏற்றி முதலில் மாறாத மின்னோட்டத்தைச் செலுத்தும், 4.2 வோல்ட்டை எட்டியதும் அழுத்தத்தை அங்கேயே நிறுத்தி, மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, அது மிகக் குறைந்ததும் நின்றுவிடும். எவ்வளவு மின்னோட்டம் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. கலத்தின் கொள்ளளவு 5,000 மில்லி ஆம்பியர் மணி எனில் 5 ஆம்பியர், 2,200 எனில் 2.2 ஆம்பியர். செய்தவர் வேறு அளவு குறித்திருந்தாலன்றி இதனை மீறாதிருத்தல் நன்று.

இன்னொரு நுட்பம் உண்டு. ஒரே அடுக்கிலுள்ள கலங்கள் உடன்பிறப்புகளைப் போன்றவை. எனினும் முற்றிலும் ஒன்றாக இரா. ஒன்று விரைந்து நிறையும், ஒன்று பின்தங்கும். காரீய அடுக்கில் விரைந்த கலம் குமிழ்விட்டுக்கொண்டே காத்திருக்கும். பின்தங்கியது வந்து சேரும். லித்திய அடுக்கில் அவ்வாறு காத்திருக்க இயலாது. மொத்த அழுத்தம் சரியாக இருக்கும்போதே ஒரு கலம் எல்லை கடந்திருக்கக்கூடும். இதனால்தான் அடுக்கிலிருந்து மெல்லிய கம்பிகள் கொண்ட சிறு இணைப்பான் ஒன்று தனியே வருகின்றது. அது ஒவ்வொரு கலத்தின் அழுத்தத்தையும் ஏற்றிக்குத் தனித்தனியே காட்டிச் சமன்செய்ய உதவும். அதனை இணைக்காமல் ஏற்றுவது, ஒருவனுடைய நாடியைப் பார்த்துக் குடும்பம் முழுவதற்கும் மருந்து கொடுப்பதைப் போன்றதாகும்.

இப்போது அடியோடு இறக்கும் வழக்கத்தைப் பார்ப்போம். லித்தியக் கலத்திற்கு அந்த நினைவு விளைவு இல்லை. மாறாக, 3 வோல்ட்டிற்குக் கீழே இறங்கினால் அது கெடக்கூடும்; அதனினும் மிகக் கீழே இறங்கினால் அதன் உள்ளே எதிர்மின்வாயைத் தாங்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கலாம். கரைந்த செம்பு மீண்டும் ஏற்றும்போது வேண்டாத இடத்தில் படிந்து, உள்ளே குறுக்கிணைப்பை உண்டாக்கலாம். சித்தப்பாவின் கலத்தைக் காத்த மருந்து மாணவனின் கலத்திற்கு நஞ்சாகின்றது. அதேபோல், நிக்கல் கலத்திற்கெனச் செய்த ஏற்றியில் லித்தியக் கலத்தை இணைப்பதும் பெரும் பிழை. அழுத்தம் சிறிது இறங்கும் வரை காத்திருக்கும் அக்கருவிக்கு, லித்தியம் அந்த அடையாளத்தைத் தரவே தராது. கருவி காத்துக்கொண்டே இருக்கும். மின்சாரம் புகுந்துகொண்டே இருக்கும்.

இத்தகைய அறிவைத் தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை என்பதையும் இம்மாவட்டத்து மாணவர் அறிதல் வேண்டும். விடுதலைக்குப் பிறகு நாடெங்கும் தேசிய ஆய்வுக்கூடங்கள் எழுந்தபோது, காரைக்குடியில் ஒன்று அமையும்பொருட்டு வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அளித்தார். 1948-ஆம் ஆண்டு சூலை 25-ஆம் நாள் சவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள், பொங்கல் வேளையில், அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் இராதாகிருட்டிணன் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்து வைத்தார். 1985-இல் மாவட்டம் பிரியும் வரை காரைக்குடி இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. காரீயக் கலம் முதல் லித்தியக் கலம் வரை அங்கே ஆராயப்பட்டு வந்திருக்கின்றன. லித்தியம்-அயனிக் கலங்களை உள்நாட்டிலேயே ஆக்கும் தொழில்நுட்பத்தை வழங்க 2018-ஆம் ஆண்டில் தொழில் நிறுவனம் ஒன்றோடு அந்நிலையம் உடன்பாடு செய்துகொண்டது. அதன் கிளை ஒன்று மண்டபத்திலும் உள்ளது. கடற்காற்று உலோகத்தை எவ்வாறு அரிக்கின்றது என்பது அங்கே ஆராயப்படும் பொருள். மின்கலமும் துருவும் ஒரே அறிவியலின் இரு முகங்கள் என்று முன்னர்க் கூறியதற்கு, காரைக்குடியும் மண்டபமுமே சான்று.

அந்தக் கடற்காற்று நம் மாணவனின் கலத்தையும் விடாது. உப்புப் படிந்த முனைகள் துருவேறித் தடை மிகும். தடை மிகுந்த இடத்தில் சூடு மிகும். ஆகவே விளையாடி முடித்ததும் முனைகளை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். கடல்நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவது. அது புகுந்த கலத்தை ஒருபோதும் ஏற்றலாகாது. வீட்டிற்கு வெளியே, எரியும் பொருள் இல்லாத இடத்தில் ஒதுக்கி வைத்துப் பெரியோரிடம் கூற வேண்டும். சுடுமணலிலும், வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளும் கலத்தை விட்டுவைக்கலாகாது. ஓடிய கலம் சூடாறிய பின்னரே ஏற்ற வேண்டும். உப்பிய கலத்தை அழுத்தியோ குத்தியோ பார்ப்பது தீயை அழைப்பதாகும். இக்கரையில் பனையோலையும் தென்னங்கீற்றும் வேய்ந்த கூரைகள் பல. அவற்றின் கீழ் மின்னேற்றுதல் தகாது. சிமிட்டித் தரையிலோ மண்சட்டியிலோ வைத்து, ஒருவர் விழித்திருந்து பார்க்கும்போதே ஏற்ற வேண்டும். இரவில் ஏற்றிவிட்டு உறங்கச் செல்லலாகாது. புகை எழுந்தால் அருகே செல்லாமல் எல்லோரும் விலகி நின்று தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். பல நாள் விளையாட்டு இல்லையெனில் கலத்தை நிறைத்தும் வைக்காமல், வெறுமையாகவும் வைக்காமல், ஏறத்தாழ 3.8 வோல்ட்டில் நிறுத்திக் குளிர்ந்த இடத்தில் வைப்பது அதன் ஆயுளை நீட்டும்.

மாணவ நண்பர்களே, மூவர் கூறிய மூன்று அறிவுரைகளுக்கு மீண்டும் வருவோம். மாமாவின் குமிழ் காரீயத்தின் மொழி. சித்தப்பாவின் இறக்கம் நிக்கலின் மருந்து. தாளின் எச்சரிக்கை லித்தியத்தின் தேவை. பெரியோர் வாக்கு பொய்க்கவில்லை. அது எந்தப் பொருளைப் பற்றி எழுந்ததோ அந்தப் பொருள் மாறிவிட்டது. அனுபவ மொழியை ஏற்கும்முன், அது எதன்மேல் பெற்ற அனுபவம் என்று வினவுவது அவமதிப்பு ஆகாது. அதுவே அறிவியல் மனப்பான்மை. ஆகவே அந்த மாணவன் முதலில் கலத்தின் மேலுறையைப் படித்து, அதன் வகை எது, எத்தனை கலங்கள், கொள்ளளவு எவ்வளவு என்று அறியட்டும். அந்த வகைக்கென அமைந்த ஏற்றியை இணைக்கட்டும். பிறகு மாமாவையும் சித்தப்பாவையும் அருகில் அமர்த்தி, மூவருமாகக் காவல் இருக்கட்டும். காரீயக் கலம் தன் நிறைவைத் தானே கூறியது. இக்கலத்தின் நிறைவை நாம்தான் அறிந்து நிறுத்த வேண்டும். மறுநாள் மாலை பாம்பன் கரையில் அவன் படகு மீண்டும் ஓடும்.